பொலோன்யாவின் பிடிவாதக்காரர்கள் – 9: குன்றின் மேல் ஒரு பட்டறை

சென்ற வாரம்: 1972 ஏப்ரல் 23 அன்று இமோலா பந்தயத்தில் பால் ஸ்மார்ட்டும் புரூனோ ஸ்பாஜாரியும் டுகாட்டிக்கு முதல் இரண்டு இடங்களையும் வாங்கித் தந்தார்கள். 1978-ல் மைக் ஹெய்ல்வுட் 11 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மான் தீவுப் பந்தயத்துக்குத் திரும்பி, டுகாட்டியில் ஏறி ஜெயித்தார். கோப்பைகள் வந்தன, லாபம் மட்டும் வரவில்லை. முதலாளியாக இருந்த இத்தாலிய அரசு, மோட்டார் சைக்கிள் தொழிலை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது வரேசே ஊரிலிருந்து இரண்டு சகோதரர்கள் வந்தார்கள் என்று சொல்லி நிறுத்தியிருந்தேன்.

இனி…

கிளாடியோ காஸ்டிலியோனி, ஜான்பிராங்கோ காஸ்டிலியோனி. இவர்களுடைய நிறுவனம் காஜிவா. வரேசே ஏரிக்கரையில் ஹார்லி டேவிட்சனிடம் இருந்த பழைய ஏர்மாக்கி தொழிற்சாலையை 1978-ல் விலைக்கு வாங்கி, சின்ன சின்ன டூ-ஸ்ட்ரோக் வண்டிகளாகச் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வியாபாரம் நன்றாகவே போனது. ஆனால் பெரிய வண்டி செய்ய அவர்களிடம் பெரிய இன்ஜின் இல்லை. டுகாட்டியிடம் இன்ஜின் இருந்தது, வண்டிகளை விற்கும் சாமர்த்தியம் இல்லை. 1983-ல் இரு தரப்பும் ஓர் ஒப்பந்தம் போட்டன. டுகாட்டி இன்ஜின் தரும், காஜிவா அதைத் தன் வண்டியில் பொருத்திக்கொள்ளும்.

இரண்டு வருடம் இன்ஜின் வாங்கிய பிறகு, 1985 மே மாதம் சகோதரர்கள் கடையையே வாங்கிவிட்டார்கள். பொலோன்யா நகரின் ஓரத்தில், போர்கோ பனிகாலேயில் இருந்த தொழிற்சாலை கைமாறியது. காஜிவாவின் சின்னம் யானை. கொஞ்ச நாளில் அந்த யானை டுகாட்டி வண்டிகளிலும் ஏறி உட்கார்ந்தது. டுகாட்டி என்ற பெயர் இனி மிஞ்சுமா, அல்லது காஜிவாவுக்கு இன்ஜின் செய்து கொடுக்கும் கொட்டகையாகிவிடுமா என்ற கவலை தொழிலாளர்களுக்கு இருந்திருந்தால் அதில் தப்பே இல்லை.

கவலைப்பட இன்னொரு காரணமும் இருந்தது. அதே 1985-ல்தான் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 சந்தைக்கு வந்தது. வரிசையாக நான்கு சிலிண்டர், 100 குதிரைத்திறன், அலுமினிய சட்டம், எண்ணெய் திரவங்கள் சேர்க்காமல் 176 கிலோ. பந்தய வண்டிக்கு நம்பர் பிளேட் மாட்டிவிட்டது மாதிரி இருந்தது அது. டுகாட்டியிடம் அப்போது இருந்த 'பந்தா' என்ற இன்ஜின் காற்றில் ஆறுவது. சிலிண்டருக்கு இரண்டே வால்வு. சுசுகியோடு மோதினால் நேர்சாலையில் அதன் புகையைக்கூடப் பார்க்க முடியாது.

வியாபாரம் தெரிந்த எவரும் அந்த நேரத்தில் ஒரு யோசனைதான் சொல்லியிருப்பார்: 'இரண்டு சிலிண்டரைத் தூக்கிப் போடுங்கள். ஜப்பான்காரனைப் போல நான்கு சிலிண்டர் செய்யுங்கள்.' கிளாடியோவின் மேசைக்கு வந்த யோசனையோ இதற்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர், கல்லூரியில் எழுதிய ஆய்வேட்டை மனதில் போட்டுப் பூட்டி வைத்திருந்த ஓர் இன்ஜினீயர்.

ஆய்வேட்டில் இருந்த இன்ஜின்

அவர் பெயர் மாசிமோ போர்டி. பொலோன்யா பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, நான்கு வால்வு கொண்ட டெஸ்மோ சிலிண்டர் தலை. 1978-ல் டுகாட்டியில் சேர்ந்தார். சேர்ந்த இடத்தில் டுகாட்டியின் மூத்த வடிவமைப்பாளர் ஃபாபியோ டாலியோனி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

தொடரை இடையில் படிக்கத் தொடங்கியவர்களுக்காக, டெஸ்மோ பற்றி ஒரு பத்தி. வழக்கமான ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வைக் கேம் தள்ளித் திறக்கும். மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. ஹோட்டல் சமையலறையின் ஸ்பிரிங் கதவைப் பார்த்திருப்பீர்கள். சர்வர் ஒருவர் போனால் கதவு தானாக மூடிக்கொள்ளும். பத்துப் பேர் அடுத்தடுத்து ஓடினால், ஒருவருக்குப் பின் மூடுவதற்குள் அடுத்தவர் வந்து தள்ளிவிடுவார். கதவு மூடவே மூடாது. இன்ஜின் வேகம் ஏறும்போது வால்வுக்கும் இதே கதிதான். டாலியோனி ஸ்பிரிங்கை நம்பவில்லை. திறக்க ஒரு கேம், பிடித்து இழுத்து மூட இன்னொரு கேம் என்று வைத்தார். 1956-ல் ஸ்வீடன் கிராண்ட் பிரியில் முதன்முதலாக இறங்கிய 125 சிசி டெஸ்மோ அன்றே ஜெயித்தது. 1968 முதல் சாலை வண்டிகளிலும் அது வந்துவிட்டது.

டாலியோனியின் டெஸ்மோவுக்கு வால்வு இரண்டு. நான்கு வால்வை அவர் எழுபதுகளிலேயே சோதித்துப் பார்த்துவிட்டு, பெரிய பலன் இல்லை என்று ஒதுக்கியிருந்தார். குருவே ஒதுக்கியதை சீடன் எடுத்துப் பேசுவது எந்தத் தொழிற்சாலையிலும் எளிதல்ல.

போர்டி வேறு இடத்தில் விடை தேடினார். ஃபார்முலா ஒன் கார்களை ஆண்ட காஸ்வொர்த் இன்ஜின்களில் உள்ளே போகும் வால்வும் வெளியே போகும் வால்வும் அகலமாக விரியாமல் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். அதனால் எரிப்பறை தட்டையாக, சிறியதாக இருக்கும். எரிபொருள் வேகமாகவும் முழுமையாகவும் எரியும். போர்டி செய்தது இதுதான்: வால்வுகளுக்கு இடையிலான கோணத்தை 40 டிகிரியாகக் குறைத்தார். அந்தச் சின்ன இடத்துக்குள் டெஸ்மோவின் நெம்புகோல்களையும் அடக்கப் பார்த்தார். இரண்டு சிலிண்டருக்கு எட்டு வால்வு. ஒவ்வொன்றுக்கும் திறக்க ஒன்று, மூட ஒன்று. ஆக, 16 ராக்கர்கள். இதைக் காகிதத்தில் வரைந்து முடித்ததில் பெரும்பங்கு ஜான்லூயிஜி மெங்கோலி என்ற வரைவாளருக்கு உண்டு.

இதோடு நிற்கவில்லை. காற்றில் ஆறிய இன்ஜினுக்குத் தண்ணீர்க் குளிர்விப்பு வந்தது. கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு, கார்களில் இருந்த வெபர்-மரெல்லி மின்னணு எரிபொருள் இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்தார்கள். பழைய ஆட்களுக்கு அதிர்ச்சி. ஆனால் டாலியோனியின் அடிப்படைகள் இரண்டை போர்டி தொடவே இல்லை. சிலிண்டர்கள் 90 டிகிரியில்தான் நின்றன. வால்வை மூட கேம்தான்.

1986 செப்டம்பரில் பிரான்சின் போல் டோர் 24 மணி நேரப் பந்தயத்துக்கு இந்த இன்ஜின் போனது. கொள்ளளவு 748 சிசி. இரவும் பகலும் இடைவிடாமல் ஓட்டி வண்டிகளைக் கொன்றுபோடும் பந்தயம் அது. புத்தம் புதிய இன்ஜினை முதன்முதலாக இறக்கும் இடமல்ல. டுகாட்டி இறக்கியது. மணிக்கணக்காக ஓடியது. பிறகு கனெக்டிங் ராடின் போல்ட் ஒன்று முறிந்தது. கதை முடிந்தது என்று எதிரணி நினைத்திருக்கும்.

தோற்ற இன்ஜின் ஜெயித்த ஆறு மாதம்

முறிந்தது ஒரு போல்ட்தான். சிலிண்டர் தலையில் எந்தக் கோளாறும் இல்லை. போர்டி கொள்ளளவை 851 சிசி ஆக்கினார். 1987 மார்ச்சில் அமெரிக்காவின் டேட்டோனாவில் இரட்டை சிலிண்டர் வண்டிகளுக்கான பந்தயத்தில், முன்னாள் 500 சிசி உலக சாம்பியன் மார்கோ லுக்கினெல்லி அதை ஓட்டி ஜெயித்தார்.

அடுத்த வருடம் டுகாட்டிக்கென்றே செய்துவைத்தது போல ஒரு போட்டி பிறந்தது. 1988-ல் தொடங்கிய உலக சூப்பர்பைக் சாம்பியன்ஷிப். விதி எளிமையானது. கடையில் விற்கும் வண்டியை அடிப்படையாகக் கொண்டு பந்தய வண்டி செய்ய வேண்டும். நான்கு சிலிண்டர் என்றால் 750 சிசி வரை. இரண்டு சிலிண்டர் என்றால் 1000 சிசி வரை. இங்கிலாந்தின் டானிங்டன் பார்க்கில் நடந்த வரலாற்றின் முதல் சுற்றில் லுக்கினெல்லியின் 851 முதலிடம் பிடித்தது.

இந்த 250 சிசி சலுகை பற்றிப் பிறகு பல ஆண்டுகள் சண்டை நடந்தது. ஜப்பானிய அணிகள் அநியாயம் என்றன. கணக்கைப் பார்த்தால் டுகாட்டி பக்கமும் நியாயம் உண்டு. ஒரே கொள்ளளவை இரண்டாகப் பங்கு போட்டால் பிஸ்டன் பெரிதாகும், கனமாகும், அதனால் இன்ஜினை அதிகச் சுற்றில் சுழற்ற முடியாது. சுற்று குறைந்தால் உச்சத் திறன் குறையும். அதை ஈடுகட்டத்தான் கூடுதல் சிசி. ஆனால் இரண்டு சிலிண்டருக்கு வேறொரு வரம் இருந்தது. வண்டி ஒல்லியாக இருக்கும். கீழ்ச் சுற்றிலேயே இழுவை கிடைக்கும். வளைவிலிருந்து வெளியே வரும்போது பின் டயர் தரையைப் பிடித்துத் தள்ளும். விதி எழுதியவர்கள் சிசியைத்தான் கணக்கில் எடுத்தார்கள். பிடிமானத்தை எந்த விதியில் எழுதுவது?

1990-ல் பிரான்சின் ரேமண்ட் ரோஷ் உலக சாம்பியன். 1991-லும் 1992-லும் அமெரிக்காவின் டக் போலன். போலன் 1991-ல் மட்டும் 17 பந்தயங்களை ஜெயித்தார். கொள்ளளவு 888 சிசி ஆகியிருந்தது. ஊரே டுகாட்டியைப் பற்றிப் பேசியது.

போர்டிக்கு மட்டும் நிம்மதி இல்லை. இன்ஜின் புதியது, அதைச் சுமந்த வண்டி பழைய சிந்தனை. நீளம் அதிகம். 90 டிகிரி இரட்டையில் ஒரு சிலிண்டர் முன் சக்கரத்தை நோக்கிப் படுத்திருக்கும். இன்னொன்று நிமிர்ந்து நிற்கும். படுத்த சிலிண்டர் முன் சக்கரத்தை முன்னே தள்ளும். வண்டி நீளும். நீண்ட வண்டி நேரே போகும், சட்டென்று திரும்பாது. நான்கு சிலிண்டர்காரர்களின் இன்ஜின் குறுக்கே படுத்திருப்பதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க போர்கோ பனிகாலேயில் ஆள் இல்லை. ஆள் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தார். பொறியியல் பட்டம் இல்லாதவர். தொழிலைத் தொடங்கியது ஏர் கண்டிஷன் குழாய் பதிப்பதில்.

மூன்று விலா எலும்புகள்

மாசிமோ தம்புரினி. 1943-ல் அட்ரியாடிக் கடற்கரையின் ரிமினியில் பிறந்தவர். நண்பர்கள் பியாங்கி, மோரி இருவரோடு சேர்ந்து கட்டடங்களுக்கு வெப்பமூட்டும் குழாய், காற்றுக் குழாய் பதிக்கும் தொழில் செய்தார். மூவர் பெயரின் முதல் அசைகளைச் சேர்த்து நிறுவனத்துக்கு பிமோட்டா என்று பெயர் வைத்திருந்தார்கள். 1972-ல் மிசானோ தடத்தில் தன் ஹோண்டா 750-ஐ ஓட்டும்போது தம்புரினி விழுந்தார். மூன்று விலா எலும்புகள் முறிந்தன.

படுக்கையில் கிடந்தவர் ஹோண்டாவின் இன்ஜினைக் குறை சொல்லவில்லை. நல்ல இன்ஜின். அதைச் சுமந்த சட்டம்தான் சரியில்லை. குழாய் வளைக்கத் தெரிந்த கை. எழுந்து உட்கார்ந்ததும் தானே ஒரு சட்டத்தைச் செய்தார். பிமோட்டாவின் முதல் மோட்டார் சைக்கிளான எச்பி1 அப்படிப் பிறந்தது. 1980-ல் தென்னாப்பிரிக்காவின் ஜான் எக்கரால்ட், யமஹா இன்ஜின் வைத்த பிமோட்டாவில் 350 சிசி உலக சாம்பியன் ஆனார்.

எண்பதுகளின் நடுவில் தம்புரினி பிமோட்டாவை விட்டு விலகினார். காஸ்டிலியோனி சகோதரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் வேலையாக அவர் டுகாட்டிக்குச் செய்து தந்தது 1986-ல் வந்த பாசோ. 1973-ல் மோன்சா பந்தயத்தில் இறந்துபோன ரிமினிக்காரர் ரென்சோ பசோலினியின் நினைவாக வைத்த பெயர்.

பொலோன்யாவில் அவரை உட்காரவைத்தால் தொழிற்சாலையின் அன்றாடத் தொல்லைகள் அவரைத் தின்றுவிடும். கிளாடியோவுக்கு அது தெரிந்திருந்தது. இத்தாலிக்குள்ளேயே தனி நாடாக, குன்றின் மேல் உட்கார்ந்திருக்கும் சான் மரினோவில் அவருக்கு ஓர் ஆய்வுப் பட்டறை அமைத்துக்கொடுத்தார். சிறிய குழு. இளம் வடிவமைப்பாளர் செர்ஜோ ரோபியானோ அதில் ஒருவர். எண்பதுகளின் இறுதியில் தொடங்கிய, 916 என்ற புது வண்டியின் வேலை 1993 வரை இழுத்தது. கணினித் திரையை நம்பாமல், களிமண்ணில் கையால் வடித்து, தடவிப் பார்த்துத் திருத்தும் பழக்கம் தம்புரினியுடையது.

அவ்வளவு வருடம் என்னதான் செய்தார்கள்?

ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காரணம்

916-ஐ முதலில் பார்ப்பவர் கண்ணில் படுவது அதன் பின்பக்கம். சைலன்சர் வழக்கமான இடத்தில் இல்லை. இரண்டு குழாய்களும் சீட்டுக்கு அடியில், வால் பக்கம் எட்டிப் பார்க்கின்றன. அழகுக்காக மட்டுமா? பக்கவாட்டில் தொங்கும் சைலன்சர் வண்டியை அகலமாக்கும். வளைவில் சாய்த்தால் தரையில் உரசும். மேலே ஏற்றிவிட்டால் வண்டி ஒல்லியாகும், இன்னும் சாய்க்கலாம். விலை என்னவென்றால், நகர நெரிசலில் ஓட்டுபவரின் தொடை வெந்துபோகும்.

அடுத்தது பின் சக்கரம். வலப்பக்கமிருந்து பார்த்தால் சக்கரம் அந்தரத்தில் நிற்பது போலத் தோன்றும். அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஒரு பக்கம் மட்டுமே. நீண்ட நேரப் பந்தயங்களில் ஒரே நட்டைக் கழற்றிச் சக்கரத்தை நொடிகளில் மாற்ற இது உதவும். இரண்டு கை ஆர்மைவிட எடை கூடும் என்ற குறையும் உண்டு.

இந்த இரண்டு யோசனைகளும் உலகத்தில் முதன்முதலாக வந்தவை அல்ல. 1992-ல் ஹோண்டா வெளியிட்ட, ஓவல் பிஸ்டன் கொண்ட என்ஆர் 750-ல் சீட்டுக்கு அடியில் சைலன்சரும் ஒற்றைக் கை ஆர்மும் இருந்தன. அது பணக்காரர்களுக்கென்று கொஞ்சமாகச் செய்த வண்டி. தம்புரினியின் திறமை, சிதறிக் கிடந்த யோசனைகளை ஒரே உடலுக்குள் பொருத்தியதில் இருக்கிறது.

ஜப்பானியர்கள் தடித்த அலுமினியத் தூலங்களால் சட்டம் செய்தபோது, 916-க்கு எஃகுக் குழாய்களைப் பின்னிய கூண்டுச் சட்டம். இரட்டை சிலிண்டர் ஒல்லியாக இருப்பதால் ஹேண்டில்பார் கழுத்திலிருந்து இன்ஜின் வரை குழாய்களை நேராக ஓடவிடலாம். இன்ஜினே சட்டத்தின் பாதி வேலையைச் சுமந்துகொள்ளும். இன்ஜினுக்குக் காற்று தரும் பெட்டிக்குத் தனியாக மூடி கிடையாது. பெட்ரோல் டேங்கின் அடிப்பாகமே மூடி. மிச்சமான ஒவ்வொரு மில்லிமீட்டரும் காற்றுக்குப் போனது.

கழுத்துக்கோணத்தை ஓட்டுபவரே 24-லிருந்து 25 டிகிரி வரை மாற்றிக்கொள்ளலாம். ஒரு டிகிரி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கோணம் குறைந்தால் வண்டி சட்டென்று திரும்பும். கூடினால் நேரே நிதானமாக நிற்கும். அந்த ஒரு டிகிரியில் பந்தயத் தடத்துக்கு ஒரு குணம், சாலைக்கு இன்னொரு குணம். நீளம் என்ற பழைய முடிச்சும் அவிழ்ந்தது. இரு சக்கர மையங்களுக்கும் இடையிலான தூரம் 1410 மில்லிமீட்டரில் நின்றது.

போர்டியின் பங்காக, பிஸ்டனின் ஓட்டத்தை 64-லிருந்து 66 மில்லிமீட்டராக்கினார்கள். சிலிண்டரின் விட்டம் 94 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 916 சிசி. வண்டிக்கு அதுவே பெயராயிற்று.

முன்னால் இரண்டு மெல்லிய ஹெட்லைட்கள், கோபமாக முறைக்கும் கண்கள் போல. உடல் முழுக்கச் சிவப்பு. 1993 இலையுதிர் காலத்தில் மிலான் கண்காட்சியில் திரை விலகியது.

காகிதத்தில் தோற்ற வண்டி

கூட்டம் மொய்த்தது. பத்திரிகைகள் மயங்கின. ஆனால் சந்தேகக்காரர்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தது, அதற்குப் பதில் சொல்வது எளிதாக இல்லை.

அதற்கு முன்பே, 1992-ல் ஹோண்டாவின் டடாவோ பாபா ஃபயர்பிளேடு என்ற வண்டியைக் கொடுத்துவிட்டார். 893 சிசி, நான்கு சிலிண்டர், சுமார் 122 குதிரைத்திறன், 185 கிலோ. டுகாட்டி 916-க்குக் கிட்டத்தட்ட 110 குதிரைத்திறன், எடை 190 கிலோவுக்கு மேல். விலையோ ஹோண்டாவைவிட வெகு அதிகம். ஹோண்டாவை வாங்கியவர் எண்ணெய் மாற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்கலாம். டுகாட்டியை வாங்கியவர் கேமைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்டுகளைக் குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். எட்டு வால்வுகளின் இடைவெளிகளையும் பார்க்க வேண்டும், திறக்கும் பக்கம் தனி, மூடும் பக்கம் தனி. தெரிந்த மெக்கானிக் கிடைக்காவிட்டால் வண்டி வீட்டில்தான் நிற்கும்.

திறன் குறைவு, எடை அதிகம், விலை அதிகம், பராமரிப்பு தொல்லை. இப்படிப்பட்ட வண்டி எதை வைத்து ஜெயிக்கும்?

பதில் வளைவுகளில் இருந்தது. ஒல்லியான உடல், தாழ்ந்து சாயும் வசதி, அசையாத முன் சக்கரம், வெளியே வரும்போது டயரை வழுக்கவிடாத இழுவை. இவையெல்லாம் விளம்பரத் தாளில் எண்ணாக வராது. ஓட்டுபவரின் நம்பிக்கையாக மட்டுமே வரும். அதை நிரூபிக்க, எது குறைந்தாலும் நம்பிக்கை மட்டும் குறையாத ஓர் ஓட்டுநர் வேண்டும்.

அவர் வடக்கு இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஊரில் இருந்தார். முந்தைய வருடத்துக் காயம் இன்னும் ஆறாமல்.

பதினொன்று பெரியதா, ஐந்து பெரியதா?

கார்ல் ஃபோகர்ட்டி 1993-ல் பழைய 888 வண்டியில் 11 பந்தயங்களை ஜெயித்தார். கவாசாகி ஓட்டிய அமெரிக்கர் ஸ்காட் ரஸல் ஜெயித்தது ஐந்து. உலகப் பட்டம் ரஸலுக்குப் போனது. ஃபோகர்ட்டி ஜெயிப்பார், இல்லையென்றால் விழுவார். ரஸல் ஜெயிக்காத நாளில் இரண்டாவது வருவார். ஆண்டு முடிவில் புள்ளிக் கணக்கு ரஸல் பக்கம் நின்றது.

1994-ல் ஃபோகர்ட்டியிடம் புது வண்டியைக் கொடுத்தார்கள். பெயர் 916 என்றாலும், பந்தய வண்டியின் விட்டத்தை 96 மில்லிமீட்டராக்கி 955 சிசி ஆக்கியிருந்தார்கள். அணியின் தலைவர், முன்னாள் பந்தய வீரர் விர்ஜீனியோ ஃபெராரி. மே மாதம் டானிங்டனில் முதல் சுற்றிலேயே ஒரு வெற்றி கிடைத்தது. ஆறு வருடம் முன்பு லுக்கினெல்லி தொடங்கிவைத்த அதே தடம்.

அடுத்த சுற்று ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம். ஃபோகர்ட்டி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ரஸல் புள்ளிகளை அள்ளிக்கொண்டு போனார். புது வண்டி, புது நம்பிக்கை, பழைய விதி என்று நினைக்கத் தோன்றிய நேரம்.

ஆனால் திரும்பி வந்த ஃபோகர்ட்டி வேறு ஆளாக இருந்தார். வளைவின் நடுவில் அவர் வண்டியை விட்ட வேகத்தில் நான்கு சிலிண்டர்காரர்களால் விட முடியவில்லை. நேர்சாலையில் அவர்கள் பிடித்ததை வளைவில் அவர் திரும்பப் பிடுங்கினார். கோடை முழுக்க இடைவெளி சுருங்கியது. கடைசிச் சுற்று 1994 அக்டோபர் 30, ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஐலண்ட். அங்கே போய் இறங்கும்போது ஃபோகர்ட்டி சில புள்ளிகள் மட்டுமே முன்னால் இருந்தார். இரண்டு பந்தயங்கள் மிச்சம். ஒரு முறை விழுந்தால் முந்தைய வருடம் மறுபடி நடந்துவிடும்.

முதல் பந்தயம் ஃபோகர்ட்டிக்கு. இரண்டாவதில் ரஸலின் பின் டயர் தேய்ந்து பிடிமானம் போனது. முந்திச் செல்ல வந்த ஃபோகர்ட்டிக்கு அவர் வழிவிட்டார், பிறகு பந்தயத்தை விட்டே வெளியேறினார். ஃபோகர்ட்டி அந்தப் பந்தயத்தில் முதலிடம் வரத் தேவையே இல்லை. உள்ளூர் இளைஞர் ஆன்டனி கோபர்ட் ஜெயிக்க, இரண்டாவதாக வந்து உலகப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். புது வண்டி, முதல் வருடம், உலக சாம்பியன்.

1995-ல் ஃபோகர்ட்டி மறுபடி பட்டம் வென்றார். இந்த முறை கடைசிச் சுற்று வரை யாரும் நகம் கடிக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 916-ஐ உலகின் அழகான மோட்டார் சைக்கிள் என்று சொல்பவர்கள் அதன் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அந்த அழகை யாரும் மேலிருந்து பூசவில்லை. டாலியோனியின் 90 டிகிரி, போர்டியின் ஆய்வேடு, தம்புரினியின் முறிந்த விலா எலும்பு, ஒவ்வொன்றும் ஒரு பிடிவாதம். நான்கு சிலிண்டருக்கு மாறியிருந்தால் டுகாட்டி இன்னொரு சுமாரான ஜப்பானிய நகலாக இருந்திருக்கும். மாறாமல் இருந்ததுதான் அந்தச் சின்னத் தொழிற்சாலையை உலக சாம்பியன் ஆக்கியது.

ஆனால் பிடிவாதத்தை வைத்துச் சம்பளம் போட முடியாது.

1995 முடியும்போது டுகாட்டியின் நிலைமை இது: உலகம் முழுக்க டீலர்கள் 916 வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், வண்டி போய்ச் சேரவில்லை. காஜிவா குழுமம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. பாகங்கள் தந்தவர்களுக்குப் பாக்கி ஏறியது. பாக்கி ஏறியதும் பாகங்கள் வருவது குறைந்தது. விற்கத் தெரியாமல் நஷ்டப்பட்ட அரசாங்கக் காலம் போய், விற்பதற்கு வண்டி செய்ய முடியாமல் நஷ்டப்படும் காலம் வந்திருந்தது. போதாக்குறைக்கு, இரண்டு முறை பட்டம் வென்று தந்த ஃபோகர்ட்டி 1996 சீசனுக்கு ஹோண்டாவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்த நேரத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு முதலீட்டு நிறுவனம் போர்கோ பனிகாலேயின் கதவைத் தட்டியது. அது கேட்ட பங்கு 51 சதவீதம். கொடுத்தால் கடன் அடையும், தொழிற்சாலை ஓடும், ஆனால் சாவி அமெரிக்கர் கைக்குப் போய்விடும்.

கிளாடியோ கொடுத்தாரா? கொடுத்திருந்தால், சான் மரினோ குன்றின் மேல் அடுத்த வண்டிக்குக் களிமண் பிசைந்துகொண்டிருந்த தம்புரினி யார் பக்கம் போனார்?

அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)